புரிந்ததுபோல் அசைத்த தலை

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழு அன்பர் ஒருவர், மைசூருக்குப் பயணச்சீட்டு வாங்கிய பின்னும் ஜன்னலை விட்டு நகராமல் நின்று, "பத்திரிகைக்கு ஏதேனும் எழுதித் தரலாகாதா?" என்று கேட்டார். பத்தாம் வகுப்போடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்ட ரயில்வே குமாஸ்தாவுக்கு எழுத என்ன இருக்கிறது என்று சொல்லித் தப்பப் பார்த்தோம். அவர் விடவில்லை. "பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பைப் பற்றி எழுதுங்கள். நம்மவர் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேச்சுத்தானே?" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தபடியால், சரியென்று தலையை அசைத்துவிட்டோம். தலையை அசைப்பதில் நமக்கு நெடுநாட் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் ஒரு குடும்பத்துக்கு இழைத்த தீங்கைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூருக்கு அருகே, காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் அமைந்த தீவு என்பதை வாசகர்கள் அறிவார்கள். ரங்கநாதரைத் தரிசிக்க வருவோரும், திப்புவின் கோட்டையைப் பார்க்க வருவோரும் நம் ஜன்னலைக் கடந்தே போகிறார்கள். ரயில் பாதையை இரட்டிப்பதற்கு இடையூறாய் இருந்த திப்புவின் ஆயுதக் கிடங்கை 2017ஆம் ஆண்டில் இடிக்காமல் அப்படியே பெயர்த்து அப்பால் நகர்த்தி வைத்தார்கள். அதை வேடிக்கை பார்த்தவர்களில் நாமும் ஒருவர். நம் தந்தையார் தருமபுரிப் பக்கத்திலிருந்து இந்தப் பாதையில் கேங்மேனாக வந்தவர். அவர் பணியிலிருக்கும்போதே காலமானபடியால், கருணை அடிப்படையில் நமக்கு இந்தக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், காகிதத்தில் ஆங்கிலம் என்பதே இங்கு நம்மவர் வாழ்க்கை. தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவே அச்சம் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு புழுதியில் உருளும்போதே கன்னடம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஆங்கிலம் அவ்வாறு ஒட்டுவதில்லை. அது உறையிலிட்டு, முத்திரை குத்தப்பட்டு, வாசலுக்கு வருகிறது. அதைக் கண்டவுடன் வீட்டிலுள்ள பெரியவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள்.

நாம் ஆங்கிலம் கற்ற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கன்னட வழிப் பள்ளியில் படித்தோம். ஆங்கில வகுப்பில் உபாத்தியாயர் ஒரு வரியை வாசிப்பார். நாற்பது பேரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்வோம். பிறகு அவர் கன்னடத்தில் பொருள் கூறுவார்; அதைப் பென்சிலால் வரிக்கு மேலே எழுதிக்கொள்வோம். மூன்றாம் நாள் வினாவிடை கரும்பலகையில் வரும். பரீட்சைக்கு முதல்நாள் அதை நெட்டுருச் செய்தால் போதும்.

பாடத்தில் இல்லாத பத்தி ஒன்றைக் கொடுத்து, அதைப் படித்து விடையளிக்கச் சொல்லும் பகுதி ஒன்று பரீட்சையில் உண்டு. அதற்கும் நமக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. கேள்வியிலுள்ள பெரிய சொல் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொள்வோம். அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடுவோம். அகப்பட்டவுடன், அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து முற்றுப்புள்ளி வரையில் அப்படியே பெயர்த்தெழுதுவோம். பத்தி எதைப் பற்றியது, யானையைப் பற்றியதா எடிசனைப் பற்றியதா என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பத்துக்கு ஏழு மதிப்பெண் வந்துவிடும். இந்த வித்தையை நமக்கு எவரும் கற்றுத்தரவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டோம். விடைத்தாளைத் திருத்தியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்திருக்கும் என்று இப்போது எண்ணுகிறோம். அந்த ஏழு மதிப்பெண்ணின் பலத்தில்தான் நாம் பத்தாம் வகுப்புத் தேறினோம்.

வேலைக்கு வந்தபின்னும் இந்த வித்தை கைவிடவில்லை. சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில் வரும். பொருள் என்னும் வரியையும், தேதியையும், தடித்த எழுத்தில் இருக்கும் எண்களையும் பார்த்தால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நாமும் செய்துவிடலாம். மேலதிகாரி, "படித்தீரா? புரிந்ததா?" என்று கேட்டால் தலையை அசைத்துவிடலாம். பன்னிரண்டு ஆண்டுகளாக இவ்வாறே ஓட்டினோம். குடியிருப்பில் வாழும் நம்மவர் இதை அறியார். அவர்களுக்கு நாம் 'இங்கிலீஷ் தெரிந்த தம்பி'. மின்சாரக் கட்டணச் சீட்டு, வங்கிக் கடிதம், மருத்துவமனைக் காகிதம் எல்லாம் நம் ஜன்னலுக்கு வரும். நாமும் படித்துச் சொல்வோம். அந்த மரியாதை நமக்கு இனித்தது என்பதை மறைப்பானேன்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், மைசூர் வண்டி வரும் நேரத்தில், நம் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் அக்கா ஒருவர் ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய கணவர் ஒப்பந்தக்காரரிடம் கட்டட வேலை செய்து, நோயில் இறந்துபோனவர். அவர் பெயரில் பிடித்து வைத்திருந்த சேமநிதித் தொகையைக் கேட்டு அக்கா விண்ணப்பித்திருந்தார். அதற்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த மறுமொழி அது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம், பிழை அவர்களுடையதன்று.

கடிதம் நான்கே வரிகள். அதில் 'ஃபெயிலிங் விச்' என்று ஓரிடத்திலும், 'க்ளோஸ்ட்' என்று வேறோரிடத்திலும் இருந்ததைக் கண்டோம். நம் கண் அவ்விரண்டு சொற்களையும் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டதுபோலவே. 'ஃபெயில்' என்றால் தோல்வி. 'க்ளோஸ்' என்றால் மூடுவது. "அக்கா, மனு தள்ளுபடியாகிவிட்டதாம். கோப்பை மூடிவிட்டார்களாம்" என்றோம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மடித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

ஏறத்தாழ ஐம்பது நாட்கள் கழித்து மீண்டும் வந்தார். விண்ணப்பத்தோடு ஒட்டி அனுப்பிய கணவரின் புகைப்படம் அவரிடம் வேறு பிரதி இல்லையாம். பணம் போனால் போகட்டும், அந்தப் படத்தையாவது திருப்பித் தருவார்களா என்று எழுதிக் கேட்க முடியுமா என்றார். அன்று நம் பக்கத்து நாற்காலியில், பட்டப்படிப்புப் படித்த கன்னடத் தோழர் ஒருவர் இருந்தார். விலாசத்தைக் குறித்துக்கொள்வதற்காகக் கடிதத்தை வாங்கியவர் அதைப் படித்தார். படித்துவிட்டு, "வாரிசுச் சான்றிதழை அனுப்பினார்களா?" என்று நம்மைக் கேட்டார். என்ன சான்றிதழ் என்று விழித்தோம்.

கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் வாரிசுச் சான்றிதழை அனுப்ப வேண்டும்; தவறினால் கோரிக்கை முடிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பதே அதன் வாசகம். மனு தள்ளுபடியாகவில்லை. ஒரே ஒரு காகிதம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதம் அக்காவின் தகரப் பெட்டியில் முன்னமே இருந்தது.

பின்னர் புதிய மனு எழுதி, காரணம் கூறி, பலமுறை நடந்து, அந்தத் தொகை கைக்கு வர ஏழு மாதங்கள் ஆயின. இடையில் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காக அக்கா காதுத் தோட்டை அடகு வைத்திருந்தார். அந்த ஏழு மாத வட்டியை நாம் கொடுத்துவிடுவதாகச் சொன்னோம். அவர் வாங்கவில்லை. "நீயும் தெரியாமல்தானே சொன்னாய், தம்பி" என்றார்.

அந்தச் சொல்தான் இன்றளவும் உறுத்துகிறது. தெரியாமல் சொன்னோம் என்பது பாதி உண்மை. கடிதத்தைக் கையில் வாங்கியபோதே, 'ஃபெயிலிங் விச்' என்பது நமக்கு முழுதும் விளங்காத தொடர் என்பது நமக்குத் தெரியும். தோழர் பக்கத்திலேயே இருந்தார். "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். பத்துப் பேர் நிற்கும் வரிசைக்கு எதிரே அதைக் கேட்க நா எழவில்லை. வண்டி வரும் அவசரம் என்று நெடுநாள் நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அன்று அந்த வண்டி இருபது நிமிடம் தாமதம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், ஆங்கிலத்தைப் படிப்பது என்றால் என்ன என்று யோசிக்கத் தலைப்பட்டோம். நல்லூழாக, நாள்தோறும் காலை வண்டியில் மைசூருக்குச் சென்றுவரும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பழக்கமானார். நடைமேடையில் நாம் சொன்ன கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "இதில் ஆங்கில அறிவு பாதி, ஆங்கிலத்தை நோக்கி நீர் நிற்கும் நிலை பாதி" என்றார். அவர் சொன்னவற்றையும், இரவல் கொடுத்த புத்தகங்களிலிருந்து நாம் எழுத்துக்கூட்டிப் படித்தவற்றையும் இனிக் கூறுகிறோம்.

ஒரு மொழியைக் கற்பவரின் மனப்பான்மைக்கும் அவர் அடையும் தேர்ச்சிக்கும் தொடர்பு உண்டா என்பதை, கனடா தேசத்து மாண்ட்ரியால் நகரில் கார்ட்னர், லாம்பெர்ட் என்னும் இருவர் ஆராய்ந்து 1959இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் மாணவர் பிரெஞ்சு கற்பதைப் பற்றிய ஆராய்ச்சி அது. பிரெஞ்சுக்காரரோடு கலந்து பழக வேண்டும் என்று விரும்பிக் கற்றவர்கள், வேலைக்காக மட்டும் கற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று கண்டார்கள். இதைக் கேட்டபோது நமக்குச் சற்று ஏக்கமாகவே இருந்தது. நாம் எந்த ஆங்கிலேயரோடு கலந்து பழகப் போகிறோம்? பிழைப்புக்காகக் கற்பவருக்குக் கதியில்லையா?

அதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. யாஸ்மீன் லுக்மானி என்னும் அம்மையார் பம்பாயில் மராத்தி பேசும் உயர்நிலைப் பள்ளி மாணவியரை ஆராய்ந்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பத்தியில் இடையிடையே சொற்களை நீக்கிவிட்டு, விடுபட்ட இடங்களைப் பொருளறிந்து நிரப்பச் சொல்லும் சோதனையை அவர் வைத்தார். நம்முடைய விரல் வித்தை அங்கே செல்லாது. முன்னும் பின்னும் படித்துப் பொருள் தெரிந்தால்தான் நிரப்ப முடியும். அந்தப் பெண்கள் ஆங்கிலம் பேசும் கூட்டத்தில் சேர விரும்பியவர்கள் அல்லர். நல்ல வேலை வேண்டும், உலகில் முன்னேற வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்த நோக்கம் வலுவாக இருந்தவர்களே அந்தச் சோதனையில் நன்றாகச் செய்திருந்தார்கள். ஆகவே பிழைப்புக்காகக் கற்பது இழிவன்று. நமக்கு நேர்ந்த குறை வேறு. நாம் கற்றது பிழைப்புக்காகவும் அன்று, மதிப்பெண்ணுக்காக, பிறகு மரியாதைக்காக.

பிள்ளைகளை நாம் வளர்க்கும் விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். விருந்தினர் வந்தால், "மாமாவுக்கு இங்கிலீஷ் படித்துக் காட்டு" என்கிறோம். குழந்தை புத்தகத்தைக் கொண்டுவந்து கடகடவென்று வாசிக்கிறது. மாமா தலையை அசைக்கிறார். நாமும் அசைக்கிறோம். படித்ததன் பொருள் என்ன என்று எவரும் கேட்பதில்லை. கேட்டு, குழந்தை தப்பாகச் சொல்லிவிட்டால் அது தப்பு என்று கண்டுபிடிக்க நமக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. கிளிக்குப் பயிற்சி கொடுப்பவர்கூட அது சொல்வதன் பொருளை அறிந்திருப்பார்!

நம் மகள் ஆறாம் வகுப்பில் ஆங்கில வழியில் படிக்கும்போது இதைச் சோதித்துப் பார்த்தோம். அவள் பாடப்புத்தகத்தில் ஒரு கிழவர் தம் ஆட்டை விற்ற கதை இருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வானொலிச் செய்தியாளரைப் போல வாசித்தாள். "அந்தக் கிழவர் ஏன் ஆட்டை விற்றார்?" என்று தமிழில் கேட்டோம். அவள் விரல் பக்கத்தின்மேல் ஓடியது. ஆடு என்னும் சொல் வரும் வாக்கியத்தில் போய் நின்றது. அதைத் தொடக்கத்திலிருந்து முற்றுப்புள்ளி வரையில் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு நம்மைப் பார்த்தாள். நம்முடைய விரலேதான் அது. நாம் சொல்லிக்கொடுக்காமலே எப்படி அங்கே போயிற்று என்று வியப்பாகவும் அச்சமாகவும் இருந்தது. நம் மனைவி மட்டும், "பள்ளியில் அவள் மூன்றாவது ரேங்க்" என்றாள்.

இது நம் வீட்டுச் சங்கதி மாத்திரம் அன்று. பிரதம் என்னும் அமைப்பு நாடு முழுவதும் கிராமந்தோறும் வீடு வீடாகச் சென்று எடுக்கும் கணக்கில், 2022ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 24.5 பேரே எளிய ஆங்கில வாக்கியங்களை வாசித்தார்கள். எட்டாம் வகுப்பில் 46.7 பேர். இது வாசிப்பு மட்டுமே. வாசித்ததன் பொருளைச் சொல்லச் சொன்னால் எண்ணிக்கை மேலும் குறையும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருநாள் நம் நிலையத்துக் கால அட்டவணைப் பலகையைத் தம் குடையால் சுட்டிக்காட்டி, "இது ஒரு காலத்தில் ஆங்கிலப் பாடமாக இருந்தது தெரியுமா?" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று எண்ணினோம். வேடிக்கையன்று. நாம் இருக்கும் இடத்துக்கு வெகு அருகில், பெங்களூரில் நடந்த காரியம் அது. 1979 முதல் 1984 வரை, என். எஸ். பிரபு என்பவரின் தலைமையில், பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் உள்ள பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புதுவிதமாகக் கற்பித்துப் பார்த்தார்கள். அவர் அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கில மொழி அலுவலராக இருந்தவர். 'பெங்களூர்த் திட்டம்' என்று அது உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களிடையே பெயர் பெற்றது. 1987இல் அவர் அதைப் பற்றி எழுதிய நூல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. நம் ஊரார் அறியாத நம் ஊர்ப் பெருமைகளில் இதையும் சேர்க்கலாம்.

அங்கே இலக்கண விதியை எழுதிப்போட்டு உருப்போடச் செய்யவில்லை; ஒரே வாக்கியத்தைக் கூட்டாகத் திருப்பிச் சொல்லவும் வைக்கவில்லை. ரயில் கால அட்டவணை, ஊர்ப் படம், நாட்காட்டி, கடைக் கணக்கு, பள்ளிப் பாடவேளைப் பட்டியல் இப்படி ஏதேனும் ஒன்றைக் கொடுப்பார்கள். குறித்த நேரத்துக்குள் இன்ன ஊரை அடைய வேண்டும், எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பதுபோன்ற புதிரை விடுவிக்கச் சொல்வார்கள். முதலில் அதே போன்ற புதிர் ஒன்றை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து வாய்விட்டுப் பேசித் தீர்ப்பார்கள். பிறகு மற்றொன்றை ஒவ்வொருவரும் தனியே செய்வார்கள். வகுப்பில் பாதிப் பேராவது பாதி வேலையையாவது சரியாகச் செய்யும் அளவுக்கே கடினம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட அளவுகோல். மதிப்பெண், விடை சரியா என்பதற்கு; வாக்கியம் அழகா என்பதற்கு அன்று. பிள்ளையின் மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழியின் இலக்கணம் தானே உள்ளே படிந்துவிடும் என்பது பிரபுவின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை முழுதும் மெய்யாயிற்றா? வெளியிலிருந்து வந்த இருவர் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டில், திட்டத்துக்குச் சாதகமாகவே பெரும்பாலும் எழுதினார்கள். ஆனாலும் அடக்கியே எழுதினார்கள். ஒவ்வொரு வகுப்பும் தனக்குப் பழகிய வகைப் பரீட்சையில் நன்றாகச் செய்தது என்பதும் அதில் தெரிந்தது. நாம் ஆராய்ச்சியாளர் அல்லோம். நம் மனத்தைத் தைத்தது ஒன்றே. கால அட்டவணையில் சொல்லைத் தேடி வரியைப் பெயர்த்தெழுதிப் பயனில்லை. பொருள் தெரியாவிட்டால் வண்டி போய்விடும்.

ஆங்கிலத்தைப் படித்துப் பொருளுணர்வதே நம் நாட்டுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது என்று, டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1926இலேயே எழுதினார். பழக்கமான சொற்களின் நடுவே புதுச் சொற்களைச் சிறிது சிறிதாகக் கலந்து வாசக நூல்களும் செய்தார். நூறாண்டு ஆகிறது.

இந்த ஊரைப் பற்றி எண்ணும்போது ஒரு சங்கதி நினைவுக்கு வருகிறது. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தபின், திப்புவின் அரண்மனையிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களைக் கம்பெனியார் கைப்பற்றினார்கள். பாரசீகமும் அரபியும் முதலான மொழிகளில் அமைந்த ஏடுகள் அவை. அவற்றின் பட்டியலைச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் எழுதி வெளியிட 1809 ஆயிற்று. கோட்டையைப் பிடிக்கச் சில வாரங்கள் போதுமாயிருந்தன. உள்ளே இருந்த புத்தகங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லப் பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. நம் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே ஆங்கிலக் கோட்டையைப் பிடித்துவிட்டதாக நாம் இனிப்பு வழங்குகிறோமே, அதனால் இது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாராந்தர ஓய்வு வரும்போது, நம் குவார்ட்டர்ஸ் திண்ணையில் ஐந்து பிள்ளைகளைக் கூட்டினோம். நாமே கற்பனையாக ஒரு கால அட்டவணையை ஆங்கிலத்தில் எழுதி, நான்கு வண்டிகளைப் போட்டோம். அடியில் இரண்டு மூன்று குறிப்புகள். பெங்களூரில் பகல் பதினொரு மணிக்கு உனக்கு நேர்காணல், நிலையத்திலிருந்து அங்கே போக அரைமணி நேரம், நாள் ஞாயிறு, எந்த வண்டியில் போவாய்? தமிழிலோ கன்னடத்திலோ விடை சொல்லலாம். அட்டவணை மட்டும் ஆங்கிலம்.

ஐவரில் நால்வர் ஒரே வண்டியைச் சொன்னார்கள். அந்த வண்டியின் கீழே, ஞாயிறு தவிர என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம். 'எக்செப்ட்' என்பதை அவர்கள் அழகாக வாசித்தார்கள். ஞாயிறு என்னும் சொல்லைக் கண்டதும், ஞாயிற்றுக்கிழமை ஓடும் வண்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஐந்தாவது பையன் மட்டும் வாய் திறக்கவில்லை. வற்புறுத்திக் கேட்டபோது, "அந்த வார்த்தை எனக்குத் தெரியாது, மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டான். அன்று அவனுக்குத்தான் இரண்டு கடலை மிட்டாய் கொடுத்தோம். மற்றவர்கள் அநியாயம் என்று கூவினார்கள். தெரியாத சொல்லை முதலில் சொல்பவருக்கே மிட்டாய் என்று அன்றே சட்டம் செய்தோம்.

அடுத்த வாரம் ஆளுக்கு ஆள் தெரியாத சொற்களை அடுக்கினார்கள். தெரிந்த சொற்களையும் தெரியாது என்று கூறி மிட்டாய் பறித்தார்கள். அதனாலென்ன? வாய் திறந்துவிட்டது. மூன்றாம் மாதத்தில் உண்மையான அட்டவணைப் பழம்புத்தகத்தைக் கொடுத்தோம். அதில் நமக்கே விளங்காத குறிப்புகள் இருந்தன. "எமக்கும் தெரியாது, திங்களன்று கேட்டுச் சொல்கிறோம்" என்று முதன்முறையாகப் பிள்ளைகள் முன்னால் கூறியபோது காது சூடேறியது. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. நமக்கு மிட்டாய் உண்டா என்றுதான் விவாதித்தார்கள்.

இது பெரிய வெற்றி என்று எவரும் எண்ண வேண்டாம். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். "ரயில் டைம் பார்க்கவா பள்ளிக்குப் பணம் கட்டுகிறோம்? மதிப்பெண் ஏறவில்லையே" என்று ஒரு தந்தையார் கேட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? பள்ளிப் பரீட்சையில் இன்னமும் வரியைப் பெயர்த்தெழுதினால் மதிப்பெண் வருகிறது. நம் மகளுடைய ரேங்க் மூன்றிலிருந்து ஏழுக்கு இறங்கியது. வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சை எழுதினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

இப்பொழுது மகள் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். சென்ற வாரம் அந்த அக்கா மீண்டும் ஒரு கடிதத்தோடு வந்தார். ஜன்னலுக்கு வரவில்லை, மாலையில் வீட்டுக்கு வந்தார். பெண்ணின் கல்விக் கடனைப் பற்றி வந்த ஆங்கிலக் கடிதம். நம்மிடம் நீட்டினார். நாம் அதை மகளிடம் கொடுத்தோம்.

அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை. மௌனமாக ஒருமுறை படித்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கட்ட வேண்டிய தேதியும் தொகையும் புரிகிறது. மூன்றாவது வரி எனக்குப் புரியவில்லை. அப்பா, நீங்கள் பாருங்கள்" என்றாள்.

பார்த்தோம். வட்டியைப் பற்றி ஏதோ ஒரு நிபந்தனை. இரண்டு முறை படித்தும் அது கூட்டுகிறதா குறைக்கிறதா என்று விளங்கவில்லை. "எமக்கும் தெரியவில்லை, அக்கா" என்றோம்.

"அப்படியென்றால் தெரிந்தவரிடம் போவோம்" என்று அக்கா எழுந்தார். கன்னடத் தோழரின் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. விளக்கு வைக்கும் நேரம். மூவருமாகக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நடந்தோம்.